‘ஒட்டு ரகம்’ காப்பி: யாரும் கேட்காத இரண்டு கேள்விகள்

போன டிசம்பரில் தாண்டிக்குடிப் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். கீழ்ப்பழனி மலையில் நாலு ஏக்கர். காப்பி, நிழல் மரங்களில் ஏறிய மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை. அதில் அரை ஏக்கர் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் விழுந்த செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு அப்படியே விட்டு வைத்திருந்தார். அங்கே என்ன நடுவது என்பதுதான் பேச்சு.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்ல என்னென்னமோ படிக்கிற. வெளிநாட்டுல புதுசா ஒட்டு ரகம் வந்திருக்காமே, ஒன்றரை மடங்கு காய்க்குதாம். நமக்கு அது சரிப்படுமான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்து நாலு மாதம் படித்தேன். நான் படித்தது பி.இ., வேலை மென்பொருள், தாவரவியல் பள்ளியோடு சரி. அதனால் இது நிபுணர் கருத்து இல்லை. ஆனால் படித்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஒரே குறை உறுத்திக்கொண்டே இருந்தது. ரகம் எவ்வளவு காய்க்கும், இலைத்துருவைத் தாங்குமா, இந்த இரண்டுக்கும் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கிறது. மாமா என்னிடம் அடுத்து கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதிலைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "இதுல இருந்து நானே விதை எடுத்துக்கலாமா? இருபது வருஷம் கழிச்சு இது எப்படி இருக்கும்?"

முதலில் சொல்லில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் ‘ஒட்டு’ என்றால் ஒட்டு மாங்கன்றும் அதுதான், ‘வீரிய ஒட்டு’ மக்காச்சோளமும் அதுதான். முன்னது ஒரு செடியின் தண்டை இன்னொன்றின் வேரில் பொருத்துவது. பின்னது இரண்டு பெற்றோரைக் கலந்து விதை எடுப்பது. ரெண்டுக்கும் ஒரே பெயர். காப்பியில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இங்கே ‘கலப்பினம்’ என்று மூன்று வேறு வேறு சங்கதிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, காட்டிலோ தோட்டத்திலோ தானாக நடந்த கலப்பு. இன்னொன்று, ஆராய்ச்சியாளர்கள் கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து நிலைப்படுத்திய ரகம். மூன்றாவது, இரண்டு பெற்றோரின் நேரடி முதல் தலைமுறை, அதாவது எஃப்1. மூன்றிலும் விவசாயிக்குக் கிடைக்கும் விதை உரிமை வேறு வேறு. கட்டுரைகளோ மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்கிவிடுகின்றன.

அராபிகாவின் அடிப்படைக் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால் நிலைப்பட்ட ஒரு அராபிகா ரகத்தின் பழத்தை எடுத்து நாற்று விட்டால் ஏறக்குறைய தாயைப் போலவே வரும். (ரோபஸ்டாவில் இது நடக்காது. அதற்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும், பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு ஜாடை.) நம் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த முறை இதுதான். நல்ல செடிக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, பழுத்த பழத்தை விதைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் அறியப்பட்டது. பத்திருபது வருஷத்தில் அந்தத் தீவின் காப்பியே அழிந்து தேயிலைக்கு இடம் விட்டது. அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம் ஊர்களிலிருந்து போனவர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே பூஞ்சை மைசூர், குடகு மலைகளுக்கும் வந்தது. பழைய ‘சிக்’ ரகம் போய் ‘கூர்க்’ வந்தது, அதுவும் சாய்ந்தது. 1911இல் மைசூர்ப் பகுதித் தோட்டம் ஒன்றில் கென்ட் என்ற தோட்டக்காரர் துரு ஏறாத செடிகளைக் கவனித்துப் பிரித்தெடுத்தார். ‘கென்ட்’ ரகம் அப்படி வந்தது. நல்ல சுவை, நல்ல விளைச்சல், கொஞ்ச காலத்துக்குத் துருவும் இல்லை.

பிறகு கென்ட்டிலும் துரு ஏறியது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் சிக்மகளூர் மாவட்டத்துப் பாளேஹொன்னூர். 1925இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், 1930களின் தொடக்கத்தில் டபிள்யூ. டபிள்யூ. மேய்ன் என்பவர் இந்தப் பூஞ்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு என்று காட்டினார். ஒரு ரகத்தைத் தொடாத இனம் இன்னொன்றைத் தின்னும். எனக்கு இந்த முழு வரலாற்றிலேயே முக்கியமான கட்டம் இதுதான் என்று படுகிறது. துரு தாங்கும் ரகம் என்று எதையும் நிரந்தரமாகச் சொல்ல முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. தொண்ணூறு வருஷம் ஆகியும் ரக அறிமுகங்களில் ‘நோய் எதிர்ப்புத் திறன் கொண்டது’ என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிறார்கள். எந்த இனத்துக்கு எதிராக, எந்த வருஷ நிலவரப்படி என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அங்கேயே உருவானதுதான் எஸ் 795. லைபீரிகாவும் அராபிகாவும் தானாகக் கலந்து உண்டான ஒரு செடிக்கு எஸ் 26 என்று எண் கொடுத்திருந்தார்கள். அதன் பிள்ளை எஸ் 288. துருவைத் தாங்கும், ஆனால் கொட்டையில் குறை, பொக்கு அதிகம். அதைச் சுவைக்குப் பேர்போன கென்ட்டோடு கலந்து, தெரிவு செய்து, 1940களின் நடுவில் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். லைபீரிகாவிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணுவுக்கு எஸ்ஹெச்3 என்று பெயர்.

பிற்காலத்தில் எஸ்ஹெச்3ஐயும் தாண்டும் துரு இனங்கள் இந்தியாவிலேயே வந்துவிட்டன. துருவை மட்டும் அளவுகோலாக வைத்தால் எஸ் 795 தோற்றுப்போன ரகம். ஆனால் இன்றைக்கும் கர்நாடகத்திலிருந்து ஏற்காடு, பழனி மலை வரை அது நிற்கிறது. இந்தோனேசியாவுக்கும் போய், அங்கே ‘ஜெம்பர்’ என்ற பெயரில் நடுகிறார்கள். ஏன்? உயரமாக வளரும், நிழலில் காய்க்கும், ஒரு வருஷம் உரம் போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது, கோப்பையில் நன்றாக இருக்கும், விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் முதல் மூன்று பத்திகளில் வராது.

இதற்கு எதிர்ப்பக்கம் காவேரி. அதன் கதை கிழக்குத் திமோரில் தொடங்குகிறது. 1927இல் அங்கே ஒரு தோட்டத்தில் துரு ஏறாத மரம் ஒன்று கண்ணில் பட்டது. அராபிகாவும் ரோபஸ்டாவும் தானாகக் கலந்து பிறந்தது. அதிசயம் என்னவென்றால், அராபிகாவுக்கு 44 குரோமோசோம், ரோபஸ்டாவுக்கு 22. சாதாரணமாக இந்தக் கலப்பு மலடாகத்தான் போகும். இந்த மரத்துக்கோ 44 இருந்தது, அராபிகாவோடு சுலபமாகச் சேரும். அதன் வழித்தோன்றல்கள் போர்ச்சுகலின் ஓய்ராஸில் 1955இல் அமைந்த துரு ஆராய்ச்சி மையத்துக்குப் போயின. (காப்பியே விளையாத நாட்டில் துரு ஆராய்ச்சியை வைத்தது புத்திசாலித்தனம். உலகத்துத் துரு மாதிரிகளை எல்லாம் அங்கே கொண்டுவந்தாலும் பரவத் தோட்டம் இல்லை.) அங்கே 832/1 என்று எண்ணிட்ட செடியைக் குட்டை ரகமான கட்டூராவோடு கலந்தது கட்டிமோர். 832/2 என்பதை வில்லா சார்ச்சியோடு கலந்தது சார்ச்சிமோர். கட்டிமோர் இந்தியாவுக்கு வந்து 1985இல் ‘காவேரி’ ஆனது. சார்ச்சிமோர் 2007இல் ‘சந்திரகிரி’ ஆனது.

காவேரி வந்தபோது மாமாவுக்கு இருபத்தெட்டு வயது. அந்த உற்சாகத்தை இன்னமும் சொல்வார். குட்டைச் செடி, நெருக்கி நடலாம். ஆறடிக்கு ஆறடி வைத்தால் ஏக்கருக்கு 1,210 செடி, ஐந்துக்கு ஐந்து வைத்தால் 1,742. சீக்கிரம் காய்ப்பு. கிளை முறிகிற மாதிரி பழம். "மொத அஞ்சு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன் மாப்ள." பிறகு? நிழல் குறைந்த இடத்தில் அளவுக்கு மீறிக் காய்த்து நுனி காய்ந்தது. துளைப்பான் சேர்ந்துகொண்டது. துருவும் ஏறியது. இப்போது பிடுங்கி எரித்ததில் பெரும்பகுதி காவேரிதான்.

காவேரியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. துளைப்பான் எல்லா அராபிகாவையும் தாக்கும். மாமாவும் மரக்கட்டை விலைக்கு ஆசைப்பட்டு நிழல் மரங்களை வெட்டினார், அவரே ஒத்துக்கொள்கிறார். வெயில் படும் தண்டுதான் அந்த வண்டுக்குப் பிடித்த இடம். ஆனால் என் விமரிசனம் இங்கேதான். சோதனைத் திடலில் நிழல் சரியாக இருக்கும், கவாத்து வேளைக்கு நடக்கும், உரம் அளந்து விழும். அந்த நிலைமையில் எடுத்த முதல் நான்கைந்து அறுவடையின் எண், ஒரு சின்ன விவசாயியின் முப்பது வருஷத்தைச் சொல்லாது. எங்கள் தொழிலில் மென்பொருளை வெளியிடும் நாளில் கேக் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷம் அதைப் பராமரிப்பவன் பெயர் யாருக்கும் தெரியாது. காப்பி ரகங்களின் வரலாறும் வெளியீட்டு நாட்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது.

திமோர் மரத்தைப் பற்றி இன்னொன்று. கொலம்பியாவின் ‘கொலம்பியா’ (1982), ‘காஸ்டில்லோ’ (2005), கென்யாவின் ‘ருய்ரு 11’ (1985), ஹோண்டுராஸின் ‘லெம்பிரா’, நம் காவேரி, சந்திரகிரி, எல்லாவற்றிலும் துருவைத் தடுக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது அந்த ஒரே மூலத்திலிருந்து வந்த மரபணுக்கள். கண்டம் கண்டமாக ஒரே பூட்டு. சாவியைப் பூஞ்சை கண்டுபிடித்தால்? 2017 வாக்கில் ஹோண்டுராஸில் லெம்பிராவில் துரு ஏறியபோது அதுதான் நடந்தது. காவேரியில் நமக்கு முன்பே நடந்துவிட்டது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்தவர்கள் கொலம்பியர்கள் என்று நினைக்கிறேன். கொலம்பியாவையும் காஸ்டில்லோவையும் ஒற்றை ரகமாக விடாமல், பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே எதிர்ப்பு மரபணுக்கள் வேறுபடும் பல வரிசைகளின் கலவையாகக் கொடுத்தார்கள். ஒரு வரிசை விழுந்தாலும் பக்கத்துச் செடி நிற்கும். 2008க்குப் பிறகு அங்கே துரு கடுமையாகப் பரவி, ஒரு கோடியே இருபது லட்சம் மூட்டைக்கு மேல் விளைந்த நாடு 2009இல் எண்பது லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அப்போது அடிவாங்கியது பெரும்பாலும் கட்டூரா போன்ற பழைய ரகங்கள். அதன் பிறகுதான் காஸ்டில்லோ மாற்று நடவு வேகம் எடுத்தது. காஸ்டில்லோவின் சுவை கட்டூராவுக்கு ஈடா என்று காப்பி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கும்பகோணம் டிகிரி காப்பி குடிப்பவனுக்கு அதில் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை.

இனி மாமா கேட்ட ‘வெளிநாட்டு ஒட்டு’. அதுதான் மூன்றாவது வகை, எஃப்1. பழைய முறையில் கலந்து, நிலைப்படுத்தி, ரகமாக்க 25-30 வருஷம் ஆகும். விதை முளைத்துக் காய்க்கவே மூன்று நான்கு வருஷம், அப்படி ஐந்தாறு தலைமுறை. எஃப்1இல் நிலைப்படுத்தும் வேலையே இல்லை, அதனால் ஏறக்குறைய பாதிக் காலம் போதும். மத்திய அமெரிக்க நாடுகளும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘சென்ட்ரோஅமெரிக்கானோ’ நல்ல உதாரணம். ஒரு பெற்றோர் சார்ச்சிமோர் வகை. மற்றது தெற்கு சூடானின் போமா பீடபூமியிலிருந்து வந்த ‘ரூமே சூடான்’. உறவில்லாத இரண்டைக் கலந்தால் வரும் வீரியம் காப்பியிலும் உண்டு. 2011இல் வெளியான ஒரு மத்திய அமெரிக்க ஆய்வில், வழக்கமான ரகங்களைவிட எஃப்1கள் திறந்த வெயிலில் 34 சதவீதமும் நிழலில் 58 சதவீதமும் கூடுதலாகக் காய்த்தன.

மாமா கேள்விப்பட்ட ஒன்றரை மடங்கு இதுதான். நிழலில் 58 சதவீதம் என்பதைப் பார்த்ததும் எனக்கே கை பரபரத்தது, நம் காப்பி முழுக்க நிழல் காப்பிதானே. எஃப்1 ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். எண் உண்மை. ஆனால் அந்த எண்ணுக்குள் நாற்றின் விலை இல்லை. இலைத் துண்டிலிருந்து திசு வளர்ப்பில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் கன்று, விதை நாற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. செடி வயதாகி மாற்றும்போது மறுபடி அதே ஆய்வுக்கூடத்து வாசலுக்குத்தான் போக வேண்டும்.

ஏன் சொந்த விதை எடுக்கக் கூடாது? ருய்ரு 11ஐ வைத்துச் சொன்னால் புரியும். அதுவும் எஃப்1தான். தாய் கட்டிமோர், தகப்பன் எஸ்எல் 28 போன்ற கென்யாவின் உயர ரகங்களின் வழி வந்தது. குட்டைத்தன்மை ஓங்கு மரபணு, அதனால் முதல் தலைமுறையில் எல்லாச் செடியும் குட்டை. அதன் பழத்தை எடுத்து நாற்று விட்டால் நாலில் ஒன்று உயரமாகப் போகும். பள்ளியில் படித்த மெண்டலின் பட்டாணி அப்படியே. உயரமாவது கண்ணுக்குத் தெரியும், பார்த்துப் பிடுங்கிவிடலாம். பழ நோயையும் துருவையும் தடுக்கும் மரபணுக்களும் அதேபோலப் பிரிந்து போயிருக்கும். அது தெரிய வரும்போது செடிக்கு ஐந்து வயது.

கென்யாவில் அந்த விதையை ஆள் வைத்துக் கையால் மகரந்தம் சேர்த்துத்தான் எடுத்தார்கள். தேவைக்கு ஏற்ற அளவு விதை கொடுக்க முடியாமல் திணறினார்கள். பழைய எஸ்எல் 28 மரத்தை வெட்டி அதன் அடிமரத்தில் ருய்ரு 11 தண்டை ஒட்டும் முறையும் அங்கே உண்டு. நம் ‘ஒட்டு’ என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே மரத்தில்! ஆழமான பழைய வேர், மேலே புதிய எதிர்ப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு இது. செடியைத் தானே பெருக்கும் வழி விவசாயி கையிலேயே இருக்கிறது.

விலைப் பிரச்சினைக்கு ஆராய்ச்சியாளர்களும் வழி தேடாமல் இல்லை. ‘ஸ்டார்மாயா’ என்ற எஃப்1இல், மகரந்தமே உண்டாகாத ஒரு காட்டுவகைச் செடியைத் தாயாக வைத்து, பக்கத்தில் ‘மார்செலேசா’ ரகத்தை நட்டுவிடுகிறார்கள். தாயில் காய்க்கும் ஒவ்வொரு விதையும் கலப்பாகத்தான் இருக்க முடியும். ஆய்வுக்கூடம் வேண்டாம், கை வேலை வேண்டாம், விதை மலிவு. ஆனாலும் அடுத்த தலைமுறை விதை விவசாயிக்கு உதவாது என்பது மாறவில்லை. மாறியது விலைதான், கட்டுப்பாடு அதே இடத்தில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் கேட்டார். கடைசியில், "அப்ப அது கறவை மாடு மாதிரி. பால் நெறைய, கன்னுக்குட்டி நம்மளது இல்ல" என்றார்.

"அவ்ளோதான் மாமா. வாங்குறதுக்குக் கையில காசும், மறுபடி குடுக்கறதுக்கு ஒரு நிலையமும் இருந்தா வைக்கலாம்."

"ரெண்டும் இல்லையே."

பிறகு நடந்த பேச்சில் அவர் ஒரு பழைய வலியைச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாற்றங்காலில் சந்திரகிரி என்று சொல்லிக் கொடுத்த முந்நூறு கன்று, வளர்ந்த பிறகு பார்த்தால் பாதி உயரம், பாதி குட்டை, நுனி இலை சிலதில் பச்சை, சிலதில் செம்பு. என்ன கலப்பு என்று யாருக்கும் தெரியாது. ரகத்தை உருவாக்க முப்பது வருஷம் உழைக்கிறார்கள், அது விவசாயி கைக்குப் போகும் கடைசி பத்து கிலோமீட்டரில் பெயர்ச்சீட்டு மாறிவிடுகிறது. டி.என்.ஏ. பார்த்துக் கன்றின் ரகத்தைச் சரிபார்க்கும் நுட்பம் இருக்கிறது. எஸ்ஹெச்3 ஒரு செடியில் இருக்கிறதா என்று சொல்லும் குறிகளும் வந்துவிட்டன. அது ஆய்வுக் கட்டுரையை விட்டு இறங்கி, கன்று விற்கும் இடத்துக்கு வந்தால், புதிய ரகம் எதுவும் இல்லாமலேயே சின்ன விவசாயிகளுக்குப் பெரிய உதவி. ஆனால் அதற்குப் பெயர் சூட்டு விழா கிடையாது, அதனால்தானோ என்னவோ யாருக்கும் அவசரமில்லை.

அரை ஏக்கருக்கு இப்படி முடிவானது. பாதி எஸ் 795, அவருடைய தோட்டத்திலேயே முப்பது வயது தாண்டியும் துளைப்பான் தொடாமல் நிற்கும் பதினொரு மரங்களின் விதையில். மீதி சந்திரகிரி, இந்தத் தடவை நாற்றங்காலில் வாங்காமல், ஆராய்ச்சி நிலையத்து விதை. இரண்டையும் மாற்றி மாற்றி வரிசை வைக்கிறார். நிழலுக்குக் கல்யாண முருங்கைக் கம்பு ஜூனில் ஊன்றியாகிவிட்டது. ஒவ்வொரு செடிக்கும் எண் கொடுத்து, துரு, துளைப்பான், பழம் மூன்றையும் வருஷா வருஷம் குறிக்க நான் ஒரு எக்செல் தாள் செய்து அத்தை மகனின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சந்திரகிரிக்கு மட்டும் எண்ணுக்கு முன்னால் ‘சந்தேகம்’ என்று எழுதி வைக்கச் சொன்னார் மாமா. மூன்றாம் வருஷம் உயரத்தைப் பார்த்துவிட்டு அழித்துக்கொள்ளலாம் என்கிறார்.